வயிற்றுக்குள் போனது மூளையை எப்படித் தாக்கியது?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 41. துணி வெளுக்கும் ஆலையில் வேலை. வீட்டில் கறை எடுக்க உதவும் என்று 35 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்திருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் ஓர் இரவு, தூக்கக் கலக்கத்தில் அதைத் தண்ணீர் என்று நினைத்து இரண்டு மடக்கு குடித்துவிட்டார். உடனே வாய் எரிந்தது, உதடு வெளுத்தது, வயிறு உப்பி, ஏப்பம் ஏப்பமாக வந்தது. நான் உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். நுரை நுரையாக வந்தது. ஒரு மணி நேரத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. கல்லீரல் ரத்தக்குழாயில் வாயு இருக்கிறது, மூளையின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பாதிப்பு இருக்கிறது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் மறதி, எதற்கெடுத்தாலும் கோபம், மத்தியானம் ஆனால் படுத்துவிடுகிறார், எந்த வேலையையும் முடிப்பதில்லை. 'நான் எதுக்கும் லாயக்கில்லாமப் போயிட்டேன்' என்கிறார். அவர் போடும் சத்தத்தில் எட்டு வயது மகள் பக்கத்தில் வரவே பயப்படுகிறாள். உடம்பு சரியான பிறகும் சோம்பலில் நடிக்கிறார் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். வயிற்றுக்குள் போனது மூளைக்கு எப்படிப் போனது? நான் வாந்தி எடுக்க வைத்ததால்தான் இப்படி ஆனதா? அண்ணன் பழையபடி ஆவாரா, அந்த வேலைக்கே திரும்பலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாதமாக உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான் என்று படுகிறது.

அண்ணனின் மூளை பாதிக்கப்பட்டதற்கு நீங்கள் கொடுத்த உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று நினைக்க, நீங்கள் எழுதியதில் எந்த ஆதாரமும் இல்லை. செறிவான பெராக்சைடு திசுவைத் தொட்ட மாத்திரத்தில் சிதைய ஆரம்பித்துவிடும். நீங்கள் உப்பைத் தேடி எடுத்துக் கலக்குவதற்கு முன்பே அவருக்கு வயிறு உப்பியிருந்தது, ஏப்பம் வந்துகொண்டிருந்தது. அதாவது வாயு அதற்குள் உருவாகத் தொடங்கிவிட்டது. கண் முன்னால் அண்ணன் துடிக்கும்போது, தெரிந்த ஒரே வழியைச் செய்தீர்கள். அந்தப் பாரத்தை இனிச் சுமக்க வேண்டாம்.

அதே சமயம் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ரசாயனம் விழுங்கியவரை எந்தக் காரணத்துக்காகவும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது உணவுக்குழாயைப் பொசுக்கியது வெளியே வரும்போது மறுபடியும் பொசுக்கும். நுரை மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரலும் சேர்ந்து கெடும். உப்புத் தண்ணீரில் தனியாக ஓர் ஆபத்து உண்டு: ரத்தத்தில் சோடியம் திடீரென்று ஏறினால் அதுவே வலிப்பையும் மூளை பாதிப்பையும் உண்டாக்கும், உயிரே போனதும் உண்டு. உங்கள் அண்ணனுக்கு அன்றிரவு எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் சோடியம் அளவும் இருக்கும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் அது சரியாக இருந்தால் இந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. மூளைக்குப் போனது அந்தத் திரவம் அல்ல, அதிலிருந்து பிறந்த வாயு. நம் ரத்தத்திலும் திசுக்களிலும் கேட்டலேஸ் என்றொரு நொதி நிறைய இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைக் கண்டதும் அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைப்பது அதன் வேலை. உடலே அன்றாடம் துளித்துளியாக உற்பத்தி செய்யும் பெராக்சைடை அப்புறப்படுத்தத்தான் அது இருக்கிறது. வெளியிலிருந்து செறிவான பெராக்சைடு மொத்தமாக வந்து விழும்போது, நம்மைக் காக்கும் அதே நொதி லிட்டர் கணக்கில் வாயுவைக் கிளப்பிவிடுகிறது.

காயம் கழுவ மருந்துக் கடையில் விற்கும் 3 விழுக்காடு கரைசலில் ஒரு மில்லி சிதைந்தால் சுமார் 10 மில்லி ஆக்சிஜன் வரும். 35 விழுக்காட்டில் அதே ஒரு மில்லி 100 மில்லிக்கு மேல் தரும். இரண்டு மடக்கை 50 மில்லி என்று வைத்துக்கொண்டாலும், முழுக்கச் சிதைந்தால் ஐந்து லிட்டருக்கும் அதிகமான வாயு. ஏப்பமாகவும் நுரையாகவும் வெளியேறியது போக மீதி வயிற்றின் சுவர் வழியாக ரத்தக்குழாய்களுக்குள் புகுகிறது. சிதையாத பெராக்சைடும் ரத்தத்தில் உறிஞ்சப்பட்டு, போகிற வழியிலேயே குமிழிகளை விடுகிறது.

வயிற்றிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். அண்ணனின் ஸ்கேனில் கல்லீரல் ரத்தக்குழாயில் வாயு தெரிந்தது அதனால்தான். அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், பிறகு நுரையீரல். சின்னக் குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடும். குமிழிகள் அளவுக்கு மீறி வந்தால் சில தப்பித்து இடப்பக்கம் போய்விடும். இன்னொரு வழியும் உண்டு. கருவில் இருக்கும்போது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே எல்லோருக்கும் ஒரு சிறு திறப்பு இருக்கும். பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக மூடியிருக்காது. வாழ்நாள் முழுக்க அதனால் ஒரு தொல்லையும் இல்லாமல் இருப்பார்கள். இப்படி ஒரு நாளில் குமிழி நுரையீரலுக்குப் போகாமலே அதன் வழியாகத் தாண்டி நேராக மூளைக்குப் போய்விடலாம். அண்ணனின் இதயத்தில் அந்தத் திறப்பு இருக்கிறதா என்று எக்கோ பரிசோதனையில் பார்த்தார்களா என மருத்துவரிடம் கேளுங்கள்.

மூளையின் நுண்ணிய ரத்தக்குழாயில் குமிழி போய் அடைத்தால் அதுவும் பக்கவாதம்தான். ரத்தக்கட்டி அடைக்கும்போது பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாயின் எல்லைக்குள் பாதிப்பு நிற்கும். குமிழிகள் பல திசையிலும் சிதறிப் போவதால் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகப் பாதிப்பு தெரியும். இரண்டு பெரிய ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் பகுதிகளில் இது அதிகம். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் இல்லையா, மூளையில் அந்தப் பகுதிகள் அப்படிப்பட்டவை. அவற்றில் ஒரு பெரிய பங்கு நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதியைச் சேர்ந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணனின் கோபத்தைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

ஆக்சிஜன் குமிழியால் வந்த வினைக்கு ஆக்சிஜனையே கொடுக்கிறார்களே என்று பல குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. நியாயமான கேள்வி. கெடுதல் செய்தது ஆக்சிஜன் அல்ல, அது குமிழியாக நின்று வழியை மறித்தது. அழுத்த அறைக்குள் காற்றழுத்தத்தை இயல்பைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை உயர்த்துவார்கள். அழுத்தம் மூன்று மடங்கானால் குமிழியின் கன அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும், அடைப்பு விலகி ரத்தம் நகர இடம் கிடைக்கும். கூடவே ரத்தத்தின் திரவப் பகுதியிலேயே நிறைய ஆக்சிஜன் கரைந்து, பட்டினி கிடக்கும் மூளைத் திசுவைப் போய்ச் சேரும். இந்தப் பாதிப்பு அரிதானது என்பதால் நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்துச் சோதித்த பெரிய ஆய்வு கிடையாது. இருந்தாலும் கை கால் விழுந்தவருக்கு, அறை எட்டும் தூரத்தில் இருந்தால், கூடிய சீக்கிரம் கொண்டுபோக வேண்டும் என்பதே என் கருத்து. உங்கள் மருத்துவர்கள் அதைச் செய்திருக்கிறார்கள்.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது என்பதற்கு அமெரிக்க நச்சு ஆலோசனை மையங்களின் 2001 முதல் 2011 வரையிலான பதிவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு இருக்கிறது. 10 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள பெராக்சைடை விழுங்கிய 294 பேரில் 41 பேருக்கு வாயு அடைப்பின் அடையாளங்கள் தெரிந்தன. 20 பேர் இறந்தார்கள் அல்லது குறையோடு நின்றார்கள். 294இல் 41 என்பது ஏழு பேருக்கு ஒருவர். அதனால் 'வாய்தான் எரிகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன்' என்று சொல்பவரையும் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது. பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வரலாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, மல்லாந்து படுக்க வைத்து, உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வாந்தி வந்தாலோ நினைவு மங்கினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டிலையும் கூடவே எடுத்துப் போங்கள். 3 விழுக்காடா 35 விழுக்காடா என்ற ஒரே எண்ணை வைத்துத்தான் மருத்துவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்வார்.

இந்த இடத்தில் ஒரு வேதனையைச் சொல்லாமல் போக மனமில்லை. இதே 35 விழுக்காடு பெராக்சைடை 'உணவுத் தரம்' என்று பெயரிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலந்து குடித்தால் புற்றுநோய் முதல் மூட்டுவலி வரை தீரும் என்று பரப்புகிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006ஆம் ஆண்டிலேயே இதை எச்சரித்தது. ஒரு நோயையும் அது தீர்க்காது. நோய்க்குப் பயந்து வாங்கிய பாட்டில் அலமாரியில் நிற்கிறது, வீட்டில் இன்னொருவர் அதைத் தண்ணீர் என்று எடுக்கிறார். உங்கள் சொந்தத்தில் யாராவது அப்படி வைத்திருந்தால், தயவுசெய்து உங்கள் அண்ணன் கதையைச் சொல்லுங்கள்.

மற்ற ரசாயனங்கள் மூளையைத் தாக்கும் விதம் வேறு. தின்னரிலும் சில எரிபொருள்களிலும் உள்ள மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பையும் மூளையின் உட்பகுதியையும் அழிக்கும். முதலில் லேசான போதை மாதிரிதான் இருக்கும், பார்வை மங்குவது பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான். மாற்று மருந்து இருக்கிறது, காலத்தோடு போனால் காப்பாற்றலாம். மண்ணெண்ணெய் நுரையீரலைக் கெடுத்து, மூச்சு குறைந்து, அதன் வழியாக மூளையைக் கெடுக்கும். காஸ்டிக் சோடா தொண்டையை வீங்க வைத்து மூச்சை அடைக்கும்.

இனி அண்ணனின் இன்றைய நிலைக்கு வருகிறேன்.

அவர் நடிக்கவில்லை. சொந்தக்காரர்களிடம் இதை மருத்துவர் சொன்னார் என்றே சொல்லுங்கள். ஒரு வேலையைத் தொடங்குவது, வரிசைப்படி செய்வது, நடுவில் வேறெதிலும் மனம் போகாமல் முடிப்பது, எரிச்சல் வந்தால் வாயை அடக்குவது, இவை எல்லாம் மூளையின் முன்பகுதியும் அதைச் சார்ந்த இணைப்புகளும் பார்க்கும் வேலைகள். அங்கே புள்ளி புள்ளியாகச் சேதம் ஏற்பட்டால் கை கால் நன்றாக அசையும், பேச்சு தெளிவாக இருக்கும், பார்க்கிறவர்களுக்கு முழு ஆரோக்கியமாகத் தெரிவார். அதனால்தான் இந்தக் குறை ஊனத்தைவிடக் கொடுமையாகிவிடுகிறது. கால் இழுத்து நடப்பவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரைச் சொல்லிவிடுகிறார்கள்.

மத்தியானக் களைப்பும் அப்படித்தான். முன்பு யோசிக்காமல் செய்த ஒவ்வொன்றையும் காயம்பட்ட மூளை இப்போது முயன்று செய்கிறது. பதினோரு மணிக்கெல்லாம் அன்றைய பலம் தீர்ந்துபோகும். அவர் படுத்துவிடும் வரை காத்திருக்காமல், களைப்பதற்கு முன்பே அரை மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பாருங்கள். கவனம் தேவைப்படும் வேலைகள் காலையில் இருக்கட்டும். 'குளிச்சிட்டு, சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு, கரண்ட் பில் கட்டிட்டு வா' என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசி வார்த்தை மட்டும் நிற்கும், அல்லது எதுவும் நிற்காது. ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். சமையலறைச் சுவரில் ஒரு பலகை மாட்டி அன்றைய வேலைகளை எழுதி, முடித்ததை அவர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள். டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு சத்தம் இருந்தாலே இவர்களுக்கு எரிச்சல் ஏறும், பல சண்டைகள் தொடங்குவது அங்கேதான்.

கோபம் வந்த நேரத்தில் நியாயம் பேசிப் பயனில்லை. வாதம் செய்யாமல் அந்த அறையை விட்டு நகர்ந்துவிடுங்கள், இருபது நிமிடம் கழித்துச் சாதாரணமாகப் பேசுங்கள். அண்ணி இதை ஒவ்வொரு நாளும் தனியாகத் தாங்கிக்கொண்டிருப்பார். வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் அங்கே இருந்து அவரை வெளியே அனுப்புங்கள்.

குழந்தையைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. எட்டு வயதுப் பிள்ளை 'அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை, நான் ஏதோ தப்பு செய்தேன்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். 'அப்பா தலைக்குள்ள அடிபட்டிருக்கு, வெளியில கட்டு இல்லாததால நமக்குத் தெரியல. சத்தம் கேட்டா அவருக்கு வலிக்கிற மாதிரி இருக்கும், அதான் கத்திடுறார். உன்மேல கோபம் இல்ல' என்று நேராகச் சொல்லுங்கள். அப்பா கத்தினால் யாரிடம் ஓடி வர வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். காலையில், அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், இருவரும் சேர்ந்து செய்ய ஒரு சின்ன வேலை இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போதும்.

'லாயக்கில்லாமப் போயிட்டேன்' என்று அவர் சொல்வதைச் சும்மா புலம்பல் என்று விட வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அது மருந்துக்கும் ஆலோசனைக்கும் கட்டுப்படும். கவனிக்காமல் விட்டால் மூளை தேறுவதையும் அதுவே தடுக்கும். சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பழையபடி ஆவாரா? முன்னேற்றம் முதல் மூன்று நான்கு மாதங்களில் வேகமாக இருக்கும், அதன் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. ஓராண்டு வரையிலும், சிலருக்கு அதைத் தாண்டியும் தேறுதல் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். அண்ணனின் கை கால் இவ்வளவு சீக்கிரம் திரும்பியது நல்ல அறிகுறி. மறதியும் கவனக்குறைவும் குறையும் என்று எதிர்பார்க்கலாம், ஒரு துளிகூட மிச்சமில்லாமல் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நரம்பியல் உளவியல் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. நினைவு, கவனம், திட்டமிடல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்பார்கள். அதை இப்போது ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை செய்துகொள்ளச் சொல்லுங்கள். எது தேறியிருக்கிறது, எதற்குப் பயிற்சி தேவை என்பது எண்ணிக்கையோடு தெரியும். அன்றாட வேலைகளுக்கான பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் பாருங்கள். நடந்துவிட்டார் என்பதற்காகப் பயிற்சியை நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. அவருக்கு அது இன்னும் தேவை.

அதே வேலைக்குத் திரும்புவதைப் பற்றி: இப்போதைக்கு வேண்டாம். அவர் இன்னொரு முறை குடித்துவிடுவார் என்பதற்காகச் சொல்லவில்லை. செறிவான ரசாயனத்தைக் கையாள வரிசை மாறாத கவனம் வேண்டும், வால்வை மூடினோமா, கையுறை போட்டோமா, எதில் எதை ஊற்றுகிறோம் என்று. இன்றைக்கு அவரிடம் குறைவாக இருப்பது சரியாக அதுதான். பரிசோதனை முடிவு வந்த பிறகு, அதே ஆலையில் ரசாயனம் இல்லாத பிரிவில், முதலில் அரை நாள் என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவர் கடிதம் கொடுப்பார். மூளையில் தழும்பு இருப்பவருக்கு வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு என்பதால், வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, தனியாக நீந்துவது மூன்றும் நரம்பியல் மருத்துவர் சம்மதிக்கும் வரை கூடாது. மதுவும் கூடாது.

சாப்பிடும்போது நெஞ்சில் அடைக்கிறது, கெட்டியானது இறங்க மறுக்கிறது என்று சொன்னால் உணவுக்குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம். இது வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரும், எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். வலிப்பு வந்தாலோ, மறுபடியும் கை கால் பலமிழந்தாலோ, தேறிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசினாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். அந்த பாட்டிலில் மீதி இன்னும் வீட்டில் இருந்தால், வேறு எதிலும் ஊற்றாமல், மேலே பெயரையும் செறிவையும் பெரிதாக எழுதி ஒட்டி, ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறுக்கி மூடி வைக்க வேண்டாம், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கக்கூடும்.